வால்வை இழந்த குடலில் வயிறு உப்புவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 46. குடல் காசநோயால் ஏற்பட்ட அடைப்புக்காக, சென்ற ஆண்டு சிறுகுடலின் கடைசிப் பகுதியையும் பெருங்குடலின் தொடக்கத்தையும் வெட்டியெடுத்து இணைத்தார்கள். இப்போது சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது, தண்ணீராகவும் போகிறது. புரோபயாடிக் மாத்திரை வாங்கிச் சாப்பிடலாமா?

பதில்: புரோபயாடிக் என்பது உயிருள்ள பாக்டீரியாக்கள் அடங்கிய மாத்திரை; அது இப்போதைக்கு வேண்டாம். சிறுகுடலின் மேற்பகுதியில் ஒரு மில்லிலிட்டருக்குச் சில ஆயிரம் பாக்டீரியாக்களே இருக்கும். பெருங்குடலிலோ ஒரு கிராமுக்குப் பத்தாயிரம் கோடி வரை இருக்கும். இந்த இரண்டு உலகங்களுக்கும் நடுவே நின்று, பெருங்குடலில் உள்ளவை மேலே ஏறாமல் தடுத்த வால்வு உங்கள் அறுவை சிகிச்சையில் போய்விட்டது. மேலேறியவை, உணவு செரித்து உறிஞ்சப்படும் முன்பே அதிலுள்ள மாவுச்சத்தைப் புளிக்க வைத்து வாயுவை உண்டாக்குகின்றன. இணைத்த இடம் சுருங்கியிருந்தால் உணவு அங்கே தேங்கி, அவை இன்னும் பெருகும்.

ஆனால் தண்ணீராகப் போவதற்கு வேறொரு காரணமும் இருக்கலாம். கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்புகளை உறிஞ்சிக் கல்லீரலுக்குத் திருப்பி அனுப்புவது சிறுகுடலின் கடைசிப் பகுதிதான். அது குறைந்தால் அவை பெருங்குடலுக்குள் இறங்கி நீரைச் சுரக்க வைக்கும். பாக்டீரியா பெருக்கத்துக்கு ரிஃபாக்சிமின் போன்ற ஆன்டிபயாடிக், இதற்குப் பித்த உப்பைப் பிடித்துக்கொள்ளும் கொலெஸ்டிரமின் தூள் என மருந்துகளே வேறு. ஆகவே எது என்று தெரியாமல் மருந்து தொடங்குவது சரியல்ல.

குளுக்கோஸ் குடிக்கச் செய்து, பாக்டீரியாக்கள் உண்டாக்கும் ஹைட்ரஜனை மூச்சில் அளக்கும் பரிசோதனை பற்றி உங்கள் குடல் மருத்துவரிடம் கேளுங்கள். இதே பரிசோதனைக்குப் பயன்படும் இன்னொரு சர்க்கரையான லாக்டுலோஸைக் குடலின் நீளம் குறைந்த உங்களுக்குக் கொடுத்தால் அது சீக்கிரமே பெருங்குடலை எட்டிவிடும். அங்கே எழும் ஹைட்ரஜனைச் சிறுகுடலில் எழுந்ததாகத் தவறாகப் படிக்க வாய்ப்புண்டு. இரத்தத்தில் பி12, ஃபோலேட் என்ற இரண்டு வைட்டமின்களையும் சேர்த்துப் பாருங்கள். பாக்டீரியாக்கள் பி12-ஐத் தின்றுவிட்டு ஃபோலேட்டைத் தயாரிப்பதால், முன்னது குறைந்து பின்னது கூடியிருப்பது ஒரு துப்பு. பி12-ஐ உறிஞ்சும் பகுதியே போயிருந்தாலும் அது குறையும் என்பதால், எத்தனை சென்டிமீட்டர் எடுத்தார்கள் என்ற குறிப்பையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.

வெறும் வயிற்றில் சுமார் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தசைச் சுருக்க அலை ஒன்று, இரைப்பையிலிருந்து கிளம்பிக் குடலைத் துடைத்துச் சுத்தம் செய்துகொண்டு செல்கிறது. இடையிடையே பால் டீயும் முறுக்குமாக இருந்தால் அந்த அலை எழுவதே இல்லை; ஆகவே இரண்டு உணவுகளுக்கு நடுவே மூன்று, நான்கு மணி நேரம் தண்ணீர் மட்டும் குடித்துப் பாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, வலியோடு வாந்தி வந்தாலோ பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.