இந்தியாவில் பி.பார்ம் படித்து அனுபவமும் உள்ளவர், கனடாவில் பிரிட்ஜிங் படிப்பில் சேரத்தான் வேண்டுமா?

ஆறு ஆண்டுகள் மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்துவிட்டு மறுபடியும் மாணவராக உட்கார வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிட்ஜிங் என்பது வெளிநாட்டில் படித்தவர்களை இங்குள்ள தொழில்முறைக்குத் தயார்செய்யும் படிப்பு. சேருங்கள், அதுவும் தாமதிக்காமல் சேருங்கள். மதுரையில் ஒன்பது ஆண்டுகள் மருந்தாளுநராக இருந்துவிட்டு 2015இல் டொரோண்டோ வந்த நான், எனக்கு அது தேவையில்லை என்று முடிவு செய்து இரண்டு ஆண்டுகளை இழந்தேன்.

குடியேற்றத்துக்கான பட்ட மதிப்பீட்டை மருந்தாளுநர்களுக்குக் கனடா மருந்தியல் தேர்வு வாரியமே செய்வதால், அந்தச் சான்று கைக்கு வந்தவுடன் உரிமமே பாதி கிடைத்துவிட்டதாக நினைத்தேன். மதிப்பீட்டுத் தேர்வும், இரண்டு பகுதிகள் கொண்ட தகுதித் தேர்வும், டொரோண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தின் மருந்தியல் சட்டத் தேர்வும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. இரவில் கிடங்கில் பெட்டி அடுக்கி, பகலில் படித்து எழுத்துத் தேர்வுகளில் தேறினேன். தகுதித் தேர்வின் இரண்டாம் பகுதியான, நோயாளியாக நடிப்பவரோடு பேசிக் காட்ட வேண்டிய ஆஸ்கி (OSCE) தேர்வில் தோற்றேன்.

அதன் பிறகே டொரோண்டோ பல்கலைக்கழகம் 2001 முதல் நடத்திவரும் வெளிநாட்டு மருந்தியல் பட்டதாரிகளுக்கான படிப்பில் சேர்ந்தேன். முதல் வாரப் பயிற்சியில் ராமிப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்தை வாங்குபவராக நடிக்க ஓர் அம்மையார் வந்தார். எப்போது சாப்பிட வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்று ஒன்று விடாமல் சொல்லி முடித்தேன். ஆசிரியை என்னிடம், “அவர் உள்ளே வந்ததிலிருந்து மூன்று முறை இருமினாரே, கவனித்தீர்களா?” என்று கேட்டார். அந்த மருந்து வறட்டு இருமலை உண்டாக்கும் என்பது மதுரையில் படித்த நாளிலிருந்தே எனக்குத் தெரியும். ஆனால் மருந்துச் சீட்டைப் பார்த்து அட்டையைக் கத்தரித்துக் கொடுத்தே பழகிய எனக்கு, எதிரில் நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை. “இந்த மருந்தைப் பற்றி மருத்துவர் உங்களிடம் என்ன சொன்னார்?” என்று பேச்சைத் தொடங்க அங்கேதான் கற்றுக்கொண்டேன்.

நம் ஊர்ப் படிப்பைக் குறைத்துச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். என்னைத் தாங்கியது அந்தப் படிப்புதான். பிரிட்ஜிங் இல்லாமலே தேறியவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் 2023 ஜனவரி 1 முதல் ஒன்டாரியோவில் மருந்தாளுநரே 13 சிறு உபாதைகளுக்கு மருந்து எழுதித் தரலாம் என்றும், அதே ஆண்டு அக்டோபரில் மேலும் 6 உபாதைகளுக்குத் தரலாம் என்றும் ஆகிவிட்ட பிறகு, கேட்டு அறியும் திறமை இல்லாமல் இங்கே இந்தத் தொழிலைச் செய்ய முடியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உரிமத்துக்கு முன்பு ஒரு மருந்துக்கடை உரிமையாளர், “கனடா அனுபவம்” தருவதாகச் சொல்லி நான்கு மாதங்கள் சம்பளமில்லாமல் என்னை மாத்திரை எண்ண வைத்தார். ஐந்தைந்தாகத் தள்ளி எண்ணிக் குப்பியில் போடுவதைத் தவிர அங்கே நான் எதையும் கற்கவில்லை. கடைசியில் பரிந்துரைக் கடிதமும் கிடைக்கவில்லை. அந்தக் கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை.

ஆகவே எந்தப் படிப்பில் சேர்வதற்கு முன்பும் இரண்டைக் கேளுங்கள்: நடிகர்களை வைத்துப் பேச்சுப் பயிற்சி உண்டா, மருந்துக்கடைப் பயிற்சிக்கான இடத்தை அவர்களே ஏற்பாடு செய்வார்களா? இரண்டும் இல்லாமல் பழைய வினாக்களை மட்டும் மனப்பாடம் செய்ய வைக்கும் வகுப்புக்குப் பணம் கட்டாதீர்கள்.