ஈரம் விடாத ஜிப்சம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கே: எங்கள் அனல்மின் நிலைய எஃப்.ஜி.டி.யில் (புகையிலிருந்து கந்தக டை ஆக்சைடை நீக்கும் அமைப்பு) பெல்ட் ஃபில்டரிலிருந்து, அதாவது ஓடும் துணிப்பட்டையில் வேக்கத்தால் நீரை உறிஞ்சி வடிக்கும் கருவியிலிருந்து, ஜிப்சம் சொதசொதவென்று விழுகிறது. துணியை மாற்றினோம், வேக்கம் பம்ப்பையும் பார்த்துவிட்டோம். இன்னும் எங்கே கோளாறு?

ப: அநேகமாக அப்சார்பர் தொட்டியில், அதாவது சுண்ணாம்புக்கல் கூழால் புகையைக் கழுவும் இடத்தில். அங்கே காற்று குறைந்தால் கால்சியம் சல்பைட் முழுதாக ஜிப்சமாக மாறாது. சல்பைட் படிகம் மெல்லிய தகடு, தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். விழுகிற கேக்கில் (துணியில் படியும் ஜிப்சம் அடுக்கு) ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் வைத்துக் குலுக்கிப் பாருங்கள். கட்டியாக இருந்தது இளகி, மேலே நீர் மினுங்கினால் சல்பைட்டைச் சந்தேகியுங்கள். ஆய்வகத்திலும் சோதித்துவிடுங்கள். நல்ல ஜிப்சம் ஈர மணல்போல் உதிரும். அந்தத் தொட்டிக்குக் காற்று ஊதும் ஆக்சிடேஷன் புளோயரைக் கவனிக்காமல் துணியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தால் பணம்தான் போகும். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

கே: ஈரம் 10 சதவீதத்துக்குள், குளோரைடு 100 பி.பி.எம்.முக்குள் என்று ஜிப்சம் போர்டு கம்பெனி கறாராக நிற்கிறதே?

ப: நியாயம்தான். ஈரம் கூடினால் அதை உலர்த்த அவர்களுக்கு எரிபொருள் செலவு. குளோரைடு மிஞ்சினால் போர்டின் காகிதம் ஜிப்சத்தோடு சரியாக ஒட்டாது. நிலக்கரியிலிருந்து வரும் குளோரைடு பெரும்பாலும் படிகங்களுக்கு இடையிலுள்ள நீரில்தான் கரைந்திருக்கிறது. அதனால் பெல்ட்டிலேயே கழுவிவிடலாம். கேக் வெடிப்பதற்கு முன்பே கழுவுநீர் விழ வேண்டும். வெடித்துவிட்டால் நீர் வெடிப்பு வழியே ஓடிவிடும், காற்றும் அதே வழியில் புகுந்து வேக்கம் இறங்கும். வடிந்த நீரையே திருப்பித் தெளிக்காதீர்கள். குளோரைடு அதில்தான் இருக்கிறது.

கே: ஒரு டன் கந்தக டை ஆக்சைடைப் பிடித்தால் எவ்வளவு ஜிப்சம் கிடைக்கும்?

ப: கணக்குப்படி சுமார் 2.7 டன். அதற்குச் சுமார் 1.6 டன் சுண்ணாம்புக்கல் வேண்டும்.

கே: மும்பை ட்ராம்பேயிலும் எஃப்.ஜி.டி. உண்டே, அங்கே ஜிப்சம் வருவதில்லையா?

ப: வராது. அங்கே புகையைக் கழுவுவது கடல்நீர். சல்பேட் கரைந்தபடியே கடலுக்குப் போய்விடும்.

கே: கேக்கின் மேற்பரப்பில் மட்டும் கருமையான படலம். எதனால்?

ப: சாம்பல், சுண்ணாம்புக்கல்லின் களிமண் போன்ற நுண்துகள்கள் கடைசியாகப் படிந்து மேலே தங்குகின்றன. அந்தப் படலம் கழுவுநீரையும் மறிக்கும். கூழைச் சுழற்றி நுண்துகளைப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோனின் மேல்வழிவில் நுண்துகள் ஒழுங்காகப் பிரிந்து போகிறதா, முனை தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், கூடவே புகையிலுள்ள சாம்பலை மின்புலத்தால் பிடிக்கும் இ.எஸ்.பி.யையும்.