சகுராவுக்கு எப்போது லீவு போடுவது? – ஜப்பான்வாழ் வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: டோக்கியோவில் வேலை. லீவுக்கு ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். போன வருடம் மூன்று நாள் சேர்ந்தாற்போல் எடுத்தேன், எல்லாம் பாதி மொட்டாகவே இருந்தது. எந்தத் தேதியைக் கேட்பது?
– வாசகர், நிஷிகசாய்

பதில்: மூன்று நாளையும் சேர்த்துக் கேட்டதுதான் கோளாறு. 1991 முதல் 2020 வரையிலான சராசரிப்படி டோக்கியோவில் சகுரா (செர்ரிப் பூ) பூக்கத் தொடங்குவது மார்ச் 24, முழுமலர்ச்சி மார்ச் 31. ஆனால் 2020, 2021, 2023 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மார்ச் 14-லேயே பூத்துவிட்டது. 2024-இல் மார்ச் 29 வரை காக்கவைத்தது. இரண்டு வாரம் முன்னே பின்னே போகிற ஒன்றுக்கு ஒரே இடத்தில் மூன்று நாளை அடைத்து வைத்தால் பலிப்பது அதிர்ஷ்டம்தான்.

'பூத்துவிட்டது' என்ற செய்தியைக் கேட்டதும் ஓடவும் கூடாது. யாசுகுனி கோயில் வளாகத்து மாதிரி மரத்தில் ஐந்தாறு பூ விரிந்தாலே வானிலைத் துறை அப்படி அறிவித்துவிடும். அன்று போனால் கிளையில் பூவைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். மொட்டுகளில் 80 சதவீதம் விரிந்தால்தான் முழுமலர்ச்சி. இரண்டுக்கும் நடுவே சுமார் ஒரு வாரம் ஆகும். குளிர் திரும்பி வந்தால் இன்னும் இழுக்கும். நிறைந்த பிறகு ஏழெட்டு நாளில் உதிர்ந்து முடியும். அறிவிப்பு வந்த ஐந்தாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாள் வரை பார்க்கத் தகுந்த காலம்.

பூக்கும் தேதியை முன்கூட்டியே கணிக்க இங்கே பலரும் போடுகிற கணக்கு ஒன்று உண்டு. பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு நாளின் அதிகபட்ச வெப்பநிலையையும் கூட்டிக்கொண்டே வாருங்கள். கூட்டுத்தொகை 600 டிகிரியை எட்டும்போது சகுரா பூக்கும். உதாரணமாக, மார்ச் 10 வரை 440 வந்திருந்தால் பாக்கி 160. நாளுக்கு 15 டிகிரி வீதம் பதினோரு நாள். மார்ச் 21-ஐ ஒட்டிப் பூக்கும், 28-ஐ ஒட்டி நிறையும். பூமொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகி உறங்கிக் கிடக்கிறது. குளிர்காலக் குளிர் அந்த உறக்கத்தைக் கலைக்கிறது, அதன் பிறகு கிடைக்கும் வெப்பம் மொட்டை வளர்க்கிறது. அதனால்தான் குளிரே போதாத ஆண்டில் இந்தக் கணக்கு பிசகும்.

இனி லீவு. மூன்று முழு நாளுக்குப் பதில் ஐந்தாறு 'காலை அரை நாள்' கேளுங்கள், மார்ச் 25-க்கும் ஏப்ரல் 5-க்கும் நடுவே பரப்பி வையுங்கள். பூ தள்ளிப்போனால் ஒன்றிரண்டை மாற்றிக்கொள்ள மேலாளரிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். மார்ச் 31, ஏப்ரல் 1 இரண்டையும் தொடாதீர்கள். நிதியாண்டு முடிந்து தொடங்கும் நாட்கள் என்பதால் லீவும் கிடைக்காது, கிடைத்தாலும் மனம் அலுவலகத்தில்தான் இருக்கும். அந்தப் பருவத்தில் காலை ஐந்தரைக்கே விடிந்துவிடுகிறது. ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவே ஆற்றங்கரையில் நாயோடு நடப்பவர்களைத் தவிர ஆளே இருக்காது. உங்களுக்கு ரயில்கூட வேண்டாம். நிஷிகசாய்க்கு வடக்கே ஓடும் ஷின்கவாவின் இரு கரையிலும் ஏறக்குறைய 3 கி.மீ. தூரத்துக்குச் சகுரா. பிரபலமான மெகுரோ ஆற்றங்கரையில் மக்கள் வெள்ளம் தள்ளத் தள்ள நகர்வதைவிட, வீட்டுப் பக்கத்து மரத்தடியில் நாலு காலை உட்காருவதே ஓய்வு என்று உறுதியாகச் சொல்வோம்.

கேள்வி: ஏப்ரல் முதல் வாரம் முழுக்க ஒரு மென்பொருள் வெளியீடு. நிமிர்ந்து பார்ப்பதற்குள் எல்லாம் கொட்டிவிடும். இந்த வருடம் அவ்வளவுதானா?
– வாசகி, யோகோஹாமா

பதில்: கொட்டுவது சோமெய் யோஷினோ என்ற ஒரு வகை மட்டும். ஒட்டுக்கட்டியே பெருக்கப்பட்ட, மரபணுவில் ஒன்றேயான மரங்கள் அவை. அதனால்தான் ஓர் ஊரில் எல்லாம் ஒன்றாகப் பூத்து ஒன்றாக உதிர்கின்றன. அடுக்கு இதழ் கொண்ட யாயெசகுரா அதற்கு ஒன்று இரண்டு வாரம் கழித்துத்தான் விரியும். ஷின்ஜுகு க்யோயென் பூங்காவில் சுமார் 1,000 மரங்கள், பல வகைகள். ஏப்ரல் நடுவில் அங்கே இச்சியோவும் கன்சானும் தலை கொள்ளாமல் பூத்திருக்கும், கூட்டமும் பாதியாகக் குறைந்திருக்கும். பெரியவர்களுக்குக் கட்டணம் 500 யென். மதுவுக்கு அனுமதி இல்லை, வாசலில் பையைச் சோதிப்பார்கள். உச்சகட்ட வார இறுதிகளுக்கு முன்பதிவு கேட்ட ஆண்டுகளும் உண்டு, கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேற்கே போக முடிந்தால் கியோத்தோவின் நின்னாஜி கோயில். அங்குள்ள ஒமுரோ சகுரா குள்ள மரம், கண் மட்டத்திலேயே பூ, ஏப்ரல் நடுவில்தான் பூக்கும். நாரா மாநிலத்து யோஷினோ மலையில் பூ அடிவாரத்தில் தொடங்கி உச்சி நோக்கி ஏறுகிறது. கீழே தவறவிட்டால் மேலே பிடிக்கலாம். அங்கே இருப்பது பூவோடு சேர்ந்தே செந்தளிர் விடும் மலைச் சகுரா, டோக்கியோ மரம் போல இலையில்லாமல் பூக்காது. படத்தில் பார்த்த வெள்ளைக் குடையை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

ஏப்ரல் 29-இல் தொடங்கும் தொடர் விடுமுறையான கோல்டன் வீக் வரை காத்திருக்க முடிந்தால் வடக்கு. ஆனால் ஓர் எச்சரிக்கை. அவோமோரி மாநிலத்து ஹிரோசாகி பூங்கா 'கோல்டன் வீக் சகுரா' என்று பெயர் வாங்கியது பழைய கதை. சமீப ஆண்டுகளில் ஏப்ரல் நடுவிலேயே பூத்து விடுமுறைக்குள் உதிர்ந்துவிடுவதும் உண்டு. உதிர்ந்தாலும் நஷ்டமில்லை: அகழி நீர் முழுக்க இதழ் மூடி இளஞ்சிவப்புப் பாய் விரித்தது போல இருக்கும், அதைப் பார்க்கவே வருபவர்கள் உண்டு. அந்த ஊர் ஆப்பிள் விவசாயிகளின் கவாத்து முறையைச் சகுராவுக்கும் கையாள்வதால் மரங்கள் நீடித்து வாழ்கின்றன. 1882-இல் நட்ட சோமெய் யோஷினோ இன்றும் பூக்கிறது. ஹிரோசாகியில் அறை கிடைக்காவிட்டால் அவோமோரி நகரில் தங்குங்கள், சாதாரண ரயிலில் முக்கால் மணி நேரம். கோல்டன் வீக்கிலேயே பூ வேண்டும் என்பவர்கள் கடல் தாண்டி ஹாகோதாதே போகலாம். நட்சத்திர வடிவ கோர்யோகாகு கோட்டை, சராசரிப்படி ஏப்ரல் கடைசியில் பூக்கும். எங்கே போனாலும் கட்டணமில்லாமல் ரத்து செய்யும் கடைசித் தேதியைப் பார்த்து அறை எடுங்கள். பூத் தேதியை மாற்ற முடியாது, அறைத் தேதியையாவது மாற்ற முடியட்டும்.

கேள்வி: அப்பா, அம்மா இரண்டு வாரத்துக்கு வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி, தரையில் உட்கார முடியாது. இருவரும் சைவம். கியோத்தோவும் காட்ட ஆசை.
– வாசகர், கவாசாகி

பதில்: முதலில் டிக்கெட். ஜப்பான் ரயில் பாஸ் குறுகிய காலச் சுற்றுலா அனுமதியில் வருபவர்களுக்குத்தான். வசிப்பிட அட்டை வைத்திருக்கும் உங்களுக்குக் கிடையாது. நொசோமி ஷின்கான்சென் (அதிவேக ரயில்) டோக்கியோ–கியோத்தோ ஒரு வழிக்குச் சுமார் 14,000 யென். ஒரே ஒரு முறை போய்வர அவர்களுக்குப் பாஸ் வாங்குவது பணவிரயம், அதோடு பாஸ் வைத்து நொசோமியில் ஏறக் கூடுதல் கட்டணமும் உண்டு. மூவருக்கும் தனி டிக்கெட்டே எடுங்கள். இருக்கை முன்பதிவு ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்குத் திறக்கும். ஊரிலிருந்து வந்த பெரிய பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றும் கூட்டி 160 செ.மீ.-ஐத் தாண்டினால் அதற்குரிய இருக்கையை முன்பே எடுக்க வேண்டும். பெட்டியைக் கவாசாகி வீட்டிலேயே விட்டுவிட்டு ஒரு கைப்பையோடு போவது இன்னும் நல்லது.

கியோத்தோவில் ஒரு நாளுக்கு ஓரிடம் போதும். 'தத்துவஞானி பாதை' 2 கி.மீ. நீளம், கால்வாயோரமாகக் கல் பாவியது. அம்மாவுக்கு அதில் ஐந்நூறு மீட்டர் நடந்து திரும்பினால் போதும், பூ ஒன்றேதான். டோக்கியோவில் ஓஜி நிலையத்தருகே அசுகயாமா பூங்கா இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் அன்றைய ஆட்சியாளரான ஷோகுன் யோஷிமுனே மக்கள் பூப் பார்க்கவென்றே மரம் நடச் செய்த குன்று. மேலேற சின்னஞ்சிறு மோனோரயில் ஒன்று இலவசமாக ஓடுகிறது. முழங்கால் வலிக்கு இதைவிடத் தோதான இடம் டோக்கியோவில் இல்லை. கையோடு மடக்கு நாற்காலி ஒன்று எடுத்துப் போங்கள். பெஞ்சுகள் காலை ஒன்பதுக்கே நிறைந்துவிடும்.

நம் ஊரிலிருந்து நேராக வருபவர்களைக் குளிர்தான் வீழ்த்தும். இங்கே பூக்காலக் குளிருக்கு 'ஹனாபியே' என்று தனிச்சொல்லே இருக்கிறது. பகலில் 16, 17 டிகிரி இருந்தாலும் வெயில் சாய்ந்ததும் 10-க்குக் கீழே போய்விடும். உள்ளே ஒரு வெப்ப பனியன், கனமான காலுறை, அம்மா புடவையோடு வந்தால் அடியில் லெகிங்ஸ். விளக்கொளியில் பார்க்கும் இரவுச் சகுராவை அவர்களுக்கு அரை மணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில், கன்வீனியன்ஸ் கடையின் உமேபோஷி (உப்பிட்ட பிளம் ஊறுகாய்) வைத்த உருண்டைச் சோற்றில்கூட மீன் சாறு சேர்ப்பது உண்டு. பொரித்த தோஃபுவில் பொதிந்த இனாரி சூஷியும் பெரும்பாலும் மீன் சாற்றில் ஊறியதே. லேபிளைப் போனில் படம்பிடித்து மொழிபெயர்த்து, 'கத்சுவோ' (சூரை மீன்) வந்தால் தவிர்த்துவிடுங்கள். மூன்று நிற ஹனாமி தாங்கோ என்ற உருண்டை அரிசி மாவும் சர்க்கரையும் சேர்ந்தது. உப்பிட்ட சகுரா இலையில் சுற்றிய சகுராமொச்சி அரிசி அல்லது கோதுமை மாவு, சிவப்புப் பயறு, சர்க்கரை சேர்ந்தது. அந்த இலையையும் சேர்த்தே சாப்பிடலாம்.

கேள்வி: நாலு குடும்பம், ஆறு குழந்தைகள். விரிப்பு போட்டு ஹனாமி (மரத்தடியில் பூப் பார்க்கும் விருந்து) செய்யப் போகிறோம். போன முறை ஒரு மணி நேரத்தில் எல்லோரும் நடுங்கி எழுந்துவிட்டோம்.
– வாசகி, எதோகவா

பதில்: காற்றைவிடத் தரைதான் குளிர். நூறு யென் கடையின் மெல்லிய நீல விரிப்பு ஈரத்தைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. கீழே அட்டைப்பெட்டிகளை விரித்துப் போட்டு, மேலே விரிப்பு, அதற்கு மேல் வெள்ளிப்பூச்சு நுரைப் பாய். 180க்கு 180 செ.மீ. விரிப்பில் பெரியவர் நால்வர் சாப்பாட்டோடு உட்காரலாம். உங்களுக்கு நான்கு தேவை. முளை அடிக்கப் பல பூங்காக்களில் அனுமதி இல்லை. மூலைகளில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில்களை வைத்தால் போதும், காற்று பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் கிளம்பும். மரத்தின் தூரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி விரியுங்கள். சகுராவின் வேர் மேலோட்டமானது. மண் இறுகினால் வேருக்குக் காற்றுப் போகாமல் மரம் நலியும்.

ஆளில்லாமல் விரித்துவிட்டுப் போன இடத்தைப் பூங்கா ஊழியர்கள் அப்புறப்படுத்திவிடுவார்கள், ஒருவர் இருந்தே ஆகவேண்டும். அடுப்பு, கிளையில் கயிறு கட்டுவது, குழந்தைகள் கிளையைப் பிடித்து உலுக்கிப் பூமழை பொழியவைப்பது மூன்றும் கூடாது. கடைசியானதைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிவாருங்கள். கழிப்பறை வரிசை மதியம் அரை மணி நேரத்தைத் தாண்டலாம், சாப்பிடும் முன்பே எல்லோரையும் அனுப்பிவிடுங்கள். குப்பையை வீட்டுக்கே கொண்டுபோக இரண்டு பெரிய பை வேண்டும்.

எலுமிச்சை சாதம், புளியோதரை எல்லாம் இந்தக் குளிரில் கெடாது, ஆனால் விறைத்துப்போகும். ஜப்பான் அரிசியானால் கட்டியாகவே ஆகிவிடும். நீள அரிசியில் உதிரியாக வடித்து, வழக்கத்தைவிட ஒரு கரண்டி நல்லெண்ணெய் கூட்டிக் கிளறி, வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய வெப்பக் குடுவையில் அடைத்துவிடுங்கள். நான்கு மணி நேரம் தாங்கும்.

கேள்வி: பிப்ரவரியிலேயே வீட்டருகே இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கிறது. சகுராவா?
– வாசகர், சிபா

பதில்: காம்பைப் பாருங்கள். கிளையோடு ஒட்டிக் காம்பில்லாமல் வட்ட இதழோடு இருந்தால் உமே (ஜப்பானியப் பிளம்). நீண்ட காம்பில் தொங்கி, இதழ் நுனியில் சிறு வெட்டு இருந்தால் சகுரா. பிப்ரவரியில் பூக்கும் சகுராவும் உண்டு. இஸு தீபகற்பத்துக் கவாசு சகுரா ஒரு மாதம் நிற்கும்.

கேள்வி: சகுராவுக்கு அருகில் போனாலே தும்மலும் கண் அரிப்பும். எனக்கு ஒவ்வாமையா?
– வாசகி, சைதாமா

பதில்: குற்றவாளி பெரும்பாலும் சகுரா அல்ல. அதன் மகரந்தம் பூச்சிகளால் பரவுவது, காற்றில் பறப்பது குறைவு. பிப்ரவரி முதல் சுகி (ஜப்பானிய சீடர்) மரமும், மார்ச் கடைசியிலிருந்து ஹினோகி (ஜப்பானிய சைப்ரஸ்) மரமும் மலைகளிலிருந்து மகரந்தத்தைக் கொட்டுகின்றன. அந்தக் காலமும் பூக்காலமும் ஒன்றாக அமைந்துவிட்டது. மழைக்கு மறுநாள் வெயிலும் காற்றும் சேர்ந்தால் மிக மோசம். முகக்கவசம், கண்ணாடி, கம்பளிக்குப் பதில் வழவழப்பான மேலங்கி. வீட்டுக்குள் நுழையும் முன் அதை உதறிவிடுங்கள். காது மூக்கு மருத்துவரை அடுத்த ஆண்டு ஜனவரி கடைசியிலேயே பாருங்கள், தும்மல் தொடங்கும் முன் மருந்தை ஆரம்பித்தால் நன்றாகக் கேட்கும்.

கேள்வி: சனிக்கிழமை போவதாக ஏற்பாடு, வெள்ளிக்கிழமை மழை என்கிறார்கள். எல்லாம் கொட்டிவிடுமா? போட்டோவும் எப்போதும் சாம்பலாகவே வருகிறது.
– வாசகர், நகோயா

பதில்: பூவின் நடுப்பகுதியைப் பாருங்கள். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் புதுப் பூ, மழையைத் தாங்கும். நடுவில் சிவந்திருந்தால் உதிரும் வேளை. வியாழக்கிழமை மாலையே போய்விடுங்கள். சாம்பல் நிறத்துக்குக் காரணம், வெள்ளை வானத்தைக் கண்ட கேமரா வெளிச்சத்தைக் குறைத்துவிடுவது. போனில் பூவைத் தொட்டு வெளிச்சக் கோட்டை மேலே இழுங்கள், கேமராவில் +1 வையுங்கள். மேகமூட்டமான நாளில் வானத்தைச் சட்டகத்திலிருந்து தள்ளிவிட்டு, ஈரத்தில் கறுத்த அடிமரத்தைப் பின்னணியாக வைத்துப் பாருங்கள். மழை நின்ற சனிக்கிழமை காலை அதற்கு மிக நல்ல நேரம்.