காட்டு மிளகாய்: முளைக்காத விதை, காய்க்காத செடி

வணக்கம்.

காட்டு மிளகாய் வகைகள் சிலவற்றின் விதை கிடைத்தது. சில்ட்டெபின் விதைத்து மூன்று வாரமாகிறது, இருபதில் ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்துத் தட்டில் சாதாரண மிளகாய் எட்டே நாளில் முளைத்துவிட்டது. போன வருடம் வைத்த கார்டெனாசி ஒற்றைச் செடி, ஊதாப் பூவாகப் பூத்துப் பூத்துக் கொட்டுகிறது. ஒரு பிஞ்சு இல்லை. சாக்கோயென்ஸ் இரண்டு செடி காய்த்தன, ஆனால் ஒன்றில் காரமே இல்லை. கலப்பு விதையைத் தலையில் கட்டிவிட்டார்களா? கடைசியாக, இவற்றைச் சுவைத்துப் பார்ப்பது எப்படி? எனக்கு எரிச்சலைத் தவிர எதுவும் பிடிபடுவதில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் வேலையாக, அந்தத் தட்டைக் கொட்டிவிடாதீர்கள். தோட்டத்து மிளகாய் விதையை ஒன்றாக முளைக்கும்படி மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறோம். காட்டு விதைக்கு அப்படி முளைப்பது ஆபத்து. முதல் மழைக்கே எல்லாம் முளைத்து, அடுத்து வெயில் காய்ந்தால் வம்சமே போய்விடும். அதனால் அது தவணை முறையில் வரும்: சில இரண்டு வாரத்தில், சில இரண்டு மாதம் கழித்து.

உயிர் இருக்கிறதா என்று தெரிய, ஒரு விதையைத் தோண்டி எடுத்து நகத்தால் அழுத்துங்கள். கெட்டியாக, உள்ளே வெள்ளையாக இருந்தால் காத்திருக்கலாம். பழுப்பாகக் கூழாகிவிட்டால் அழுகிவிட்டது. காரணம் பெரும்பாலும் ஈரம் அதிகம், சூடு குறைவு. மண்ணின் வெப்பம் 27 முதல் 30 டிகிரி வேண்டும். அறை வெப்பம் அல்ல, மண்ணின் வெப்பம். ஈர மண் காற்றைவிடப் பெரும்பாலும் சில டிகிரி குளிர்ந்தே இருக்கும், ஏமாறுவது இங்கேதான்.

அடுத்த முறை விதைப்பதற்கு முன், முளைப்பைத் தூண்டும் தாவர ஹார்மோனான ஜிபரெல்லிக் அமிலத்தில் ஊறவையுங்கள். 50 மில்லிகிராம் தூள் நேராகத் தண்ணீரில் எளிதில் கரையாது. சில சொட்டு ஆல்கஹாலில் கரைத்து, பிறகு தண்ணீர் சேர்த்து 100 மில்லியாக்குங்கள். இது 500 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 500 பங்கு. 24 மணி நேரம் ஊறினால் போதும். சீக்கிரம் வரட்டும் என்று அளவைக் கூட்டினால் நாற்று வெளிறி, நூல்போல நீண்டு, தலை சாய்ந்துவிடும். விதை அரை சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கட்டும். மேலாக விதைத்தால் மண்ணின் உராய்வு கிடைக்காமல் விதையின் ஓடு தொப்பிபோல வித்திலையில் மாட்டிக்கொள்ளும். மாட்டினால் பிய்க்காதீர்கள்; அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து அரை மணி கழித்து இடுக்கியால் மெல்ல உருவுங்கள். முளைத்த நாற்றுக்கு மேல் மூடி வேண்டாம். காற்று ஓடாவிட்டால் தண்டு மண்ணோடு ஒட்டிய இடத்தில் கருத்துச் சுருங்கி நாற்றழுகல் வந்துவிடும்.

சில்ட்டெபின் இயற்கையில் வேறு மரங்கள், புதர்களின் நிழலில் வளர்கிற செடி. நான்கைந்து இலை வந்ததும் உச்சி வெயிலில் தூக்கி வைத்துவிட்டு, இலை வெளுக்கிறதே என்று உரம் போடுகிறவர்கள் உண்டு. அதற்கு உரம் தேவையில்லை, பாதி நிழல்தான் தேவை. தழைச்சத்து கூடினால் இலைதான் மண்டும், பூ தள்ளிப்போகும்.

இனி கார்டெனாசி. உங்கள் செடியில் கோளாறு எதுவும் இருக்க வேண்டியதில்லை. நாம் பயிரிடும் மிளகாய்கள் தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும். பொலிவியாவின் உயரமான பகுதிகளைச் சேர்ந்த இந்த இனம் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒற்றைச் செடியை எத்தனை முறை உலுக்கினாலும் பயனில்லை. அதே செடியிலிருந்து பதியன் போட்டு வைத்தாலும் பயனில்லை, அது மரபில் அதே செடிதான். விதையிலிருந்து வந்த இன்னொரு செடி வேண்டும். மூன்று நான்கு இருந்தால் நல்லது. பூ விரிந்ததும் மெல்லிய தூரிகையால் ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் சூல்முடியில் தடவுங்கள். இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். பக்கத்தில் ரோக்கோட்டோ எனப்படும் பூபெசென்ஸ் மிளகாய் இருந்தால் அதனோடும் இது கலக்கக்கூடும். அப்படிக் காய் வந்தாலும் அந்த விதை கலப்பு. குளிர்ந்த மலைச்செடி என்பதால் பகலில் 32 டிகிரிக்கு மேலே போனால் துணை இருந்தும் பூ உதிரும். அந்த மாதங்களில் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

சாக்கோயென்ஸ் விஷயத்தில் விதை தந்தவர்மேல் பழி போடாதீர்கள். பொலிவியாவில் இந்த இனத்தின் ஒரே கூட்டத்தில் காரச் செடியும் காரமற்ற செடியும் கலந்தே வளர்கின்றன. பூச்சி பழத்தைத் துளைக்கும்போது ஃபியூசேரியம் பூஞ்சை உள்ளே போய் விதையைக் கெடுக்கிறது. காரத்தைத் தரும் பொருளான கப்சைசின் அந்தப் பூஞ்சையை மட்டுப்படுத்துகிறது. பூஞ்சைத் தொல்லை மிகுந்த இடங்களில் காரச் செடிகளின் விகிதமும் அதிகம். காரமற்ற செடியையும் வைத்திருங்கள், தனியாகப் பெயர் எழுதி. பழத்தின் மணத்தை எரிச்சல் குறுக்கிடாமல் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

விதை எடுக்க நினைத்தால் பூப்பதற்கு முன்பே கிளைக்கு மெல்லிய வலைப்பை கட்டிவிடுங்கள். காட்டு வகைகளில் பழுத்த பழம் தொட்டாலே காம்பை விட்டுக் கழன்றுவிடும். பறவைக்குக் காரம் உறைக்காது, பழுத்தவுடன் தூக்கிவிடும். வலைப்பை கலப்பையும் தடுக்கும், உதிர்ந்த பழத்தையும் பிடித்து வைக்கும். கார்டெனாசிக்கு மட்டும் பையைத் திறந்து கையால் மகரந்தம் சேர்த்து மறுபடி கட்ட வேண்டும்.

சுவைப்பதைப் பற்றி. காரத்தை அளக்கும் ஸ்கோவில் எண்ணைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 1912இல் வந்த அந்த முறை காய்ந்த மிளகாயின் சாற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் நீர்த்து அளந்தது. பட்டாணி அளவுள்ள, காயவைக்காத பழம் ஒன்று வாயில் என்ன செய்யும் என்பதை அது சொல்லாது. பழத்தை நீளவாக்கில் பிளந்து முதலில் முகருங்கள். காரம் உண்மையில் சுரப்பது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளைச் சதையில். அதைக் கத்தி முனையால் சுரண்டிவிட்டு, நுனிச் சதையை மட்டும் அரிசி அளவு வெட்டி முன்பற்களால் மெல்லுங்கள். புளிப்பா, பச்சை வாசமா, பழ வாசமா என்று அப்போது தெரியும். அதன்பின் வெள்ளைச் சதையோடு சேர்ந்த துண்டு. எரிச்சல் எத்தனை நொடியில் தொடங்குகிறது, உதட்டிலா நாக்கு நுனியிலா தொண்டையிலா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எழுதுங்கள். சில்ட்டெபின் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கும். அந்த வேகம்தான் அதன் அடையாளம்.

வெறும் வயிற்றில் வேண்டாம். கையுறை போடுங்கள். தண்ணீர் உதவாது, கப்சைசின் அதில் கரையாது. கொழுப்புள்ள பால் அல்லது தயிரை வாயில் ஒரு நிமிடம் வைத்திருங்கள். காரம் குறைந்த வகையிலிருந்து தொடங்குங்கள், இரண்டுக்கும் இடையே கால் மணி நேரமாவது விடுங்கள். இடைவெளி விட்டாலும் நாக்கு மெல்ல மரத்துப்போகும், கடைசியில் வருவது எதுவும் சாதுவாகவே தோன்றும். ஒரு அமர்வுக்கு மூன்று வகை போதும். அடுத்த நாள் அதே மூன்றை வரிசை மாற்றிச் சுவைத்து, இரண்டு குறிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.