தம்பியை வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா?

மனச்சிதைவு திரும்பிவிட்டது, வீட்டிலேயே பார்க்கலாம் என்கிறார் மருத்துவர், ஆனால் தம்பி ஒலான்சபின் மாத்திரையைக் கடைவாயில் ஒதுக்கிவைத்துத் துப்பிவிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். மாத்திரை உள்ளே போகாவிட்டால் வீட்டுச் சிகிச்சை என்பதே இல்லை.

நாக்கில் வைத்ததும் கரையும் ஒலான்சபின் இருக்கிறது. அதே அளவில் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஈரக் கையோடு பிரிக்காதீர்கள், விரலிலேயே குழைந்துவிடும். கொடுத்தபின் பத்து நிமிடம் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். சோற்றில் மட்டும் தெரியாமல் கலந்துவிடாதீர்கள். கண்டுபிடித்தால் சாப்பாட்டையே சந்தேகப்பட்டு ஒதுக்கிவிடுவார். கரையும் மாத்திரைக்கும் மறுத்தால், சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசி பற்றிக் கேளுங்கள்.

அன்றைய வேளைக்கானதைத் தவிர மற்ற மாத்திரைகளைப் பூட்டிவையுங்கள். தூங்கிய மணிநேரத்தைத் தினமும் குறியுங்கள். நிலைமை மோசமாவது பெரும்பாலும் அதில்தான் முதலில் தெரியும். இரவில் ஆள் மாற்றி விழித்திருங்கள், அம்மா ஒருவர் தலையில் கட்டாதீர்கள்.

கழுத்து ஒருபக்கம் இழுத்து, கண் மேலே சொருகினால் அது பெரும்பாலும் மருந்தின் பக்கவிளைவு. உடனே அழைத்துப்போங்கள், ஊசியில் சீக்கிரம் தணியும். காய்ச்சலோடு உடம்பு விறைத்தாலோ, தண்ணீரும் குடிக்க மறுத்தாலோ, 'செத்துப்போ' என்று குரல் கட்டளையிடுவதாகச் சொன்னாலோ, வீட்டில் வைத்திருக்காதீர்கள். அன்றே சேர்த்துவிடுங்கள்.