இழுக்கும் திறன் வேறு, சுமக்கும் திறன் வேறு

"4,000 கிலோ இழுக்கும் பிக்கப், இரண்டு ஸ்னோமொபைலை (பனியில் ஓட்டும் வண்டி) சுமக்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த 4,000 டிரெய்லருக்கு. முதுகில் ஏற்ற, ஓட்டுநர் கதவுத் தூண் ஸ்டிக்கரில் நீங்கள் படித்த 760 கிலோதான் எல்லை. அதில் ஓட்டுநரும் அடக்கம். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

கூட்டிப் பார்ப்போம். ஸ்னோமொபைல்களை ஏற்ற பிக்கப்பின் பின்பகுதி மேல் பொருத்தும் மேடை, அதாவது டெக், 200 கிலோ என்கிறீர்கள். ஸ்னோமொபைலுக்கு விளம்பரத்தில் போடுவது பெரும்பாலும் பெட்ரோல், ஆயில் இல்லாத வெற்று எடை. டேங்க் நிரம்பினால் ஏறக்குறைய 30 கிலோ கூடும், திரும்பும்போது டிராக்கில் (அடியில் சுழலும் பட்டை) உறைந்த பனி வேறு. ஒன்றுக்கு 250 வைத்தால் 500. நீங்கள் இருவர், ஹெல்மெட், பூட்ஸ், பெட்ரோல் கேன் எல்லாம் சேர்ந்து 200. மொத்தம் 900. அதாவது 140 கிலோ அதிகம். அதுவும் பெரும்பகுதி பின் அச்சில் இறங்கும். அதற்கும் தனி எல்லை உண்டு, அதே இடத்தில் எழுதியிருக்கும்.

பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர்பேக் (காற்றடைத்த பை) போடச் சொல்லி யாராவது வருவார்கள். பின்பக்கம் நிமிரும், அவ்வளவுதான். அச்சும் டயரும் பிரேக்கும் பழையவைதானே?

டெக்கைக் கழற்றிவிட்டுச் சின்ன டிரெய்லர் பாருங்கள். டிரெய்லர் 300, வண்டிகள் 500 என்றால், அந்த 800-இல் 10 முதல் 15 சதவீதம், அதாவது 80–120 கிலோதான் பிக்கப் மேல் விழும். டெக்தான் வேண்டுமென்றால் ஒரு ஸ்னோமொபைலோடு நிறுத்துங்கள், 650-இல் முடியும். எதுவானாலும் முழுச் சுமையோடு, ஆட்களும் உட்கார்ந்து, லாரி எடைமேடையில் ஒருமுறை ஏற்றிவிடுங்கள். பின் அச்சைத் தனியாகவும் எடை போடச் சொல்லுங்கள்.