தளம் போடும் நாளில் வீடு திரும்பும் நேரம்

கேள்வி: மூன்று சைட்டுகளை நிர்வகிக்கிறேன். சைட் இன்ஜினியர்கள் ஆறு மாதம்கூடத் தங்குவதில்லை. 'ராத்திரி பத்து மணிக்குத்தான் வீட்டுக்குப் போறோம், ஞாயித்துக்கிழமையும் போன் வருது' என்கிறார்கள். இந்தத் தொழிலில் இதைத் தவிர்க்க முடியுமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: பெரும்பாலும் முடியும். தளம் (கான்கிரீட் கூரை) போடும் நாளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் சதுர அடியில் 5 அங்குலத் தளம் என்றால் சுமார் 417 கன அடி கான்கிரீட். 1:1½:3 கலவையில் (சிமென்ட், மணல், ஜல்லி) ஏறக்குறைய 95 மூட்டை சிமென்ட். பீமுக்கு ஒரு 20 மூட்டை. மிக்சர் மணிக்கு 12 மூட்டை ஓட்டினால் பத்து மணி நேரம். காலை ஆறரைக்கு முதல் கலவை விழுந்தால் ஐந்துக்குள் முடியும். பத்து மணிக்குத் தொடங்கினால் ராத்திரி எட்டு. அப்புறம் மட்டம் பார்த்து, மிக்சர் கழுவி...

தாமதம் எங்கே வருகிறது? தளம் போடும் அன்றைக்குக் காலையில்தான் கம்பியைச் சரிபார்க்கிறார்கள். கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டை) போதவில்லை, எலக்ட்ரீஷியன் பைப் பதிக்கவில்லை, கான்கிரீட்டை இறுக்கும் வைப்ரேட்டர் ஓடவில்லை. இவ்வளவும் முந்தின நாள் மாலை நான்குக்குள் முடிந்து, உங்கள் கையெழுத்து விழுந்திருக்க வேண்டும். முடியவில்லையா, தளத்தை ஒரு நாள் தள்ளிவையுங்கள். அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். இன்ஜினியர் சொன்னால் வீட்டுக்காரரிடம் திட்டு வாங்குவது அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை போன் பெரும்பாலும் க்யூரிங்குக்காக, அதாவது கான்கிரீட்டை நனைத்து வைப்பதற்காக வரும். சாதாரண சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், பிபிசி (PPC, சாம்பல் கலந்த பொசொலானா சிமென்ட்) என்றால் 10 நாள் ஈரம் காயக் கூடாது. நடுவே ஒரு ஞாயிறு வந்தே தீரும். தளத்தில் பாத்தி கட்டிச் சனிக்கிழமை மாலையே தண்ணீர் தேக்கிவையுங்கள், தூணுக்கு நனைத்த சாக்கு சுற்றுங்கள். காலையும் மாலையும் தண்ணீர்விட வாட்ச்மேனுக்குத் தனிக் காசு கொடுத்தால் போதும், இன்ஜினியர் எதற்கு? மூன்று சைட்டுக்கும் சேர்த்து ஒருவர் மட்டும் முறைவைத்துப் போன் எடுக்கட்டும். அவருக்கு மாற்று விடுப்பு அதே வாரத்தில். 'அப்புறம் பார்க்கலாம்' என்ற விடுப்பு வந்ததே இல்லை.

டெல்டாவில் இன்னொன்று: வாய்க்காலில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் அஸ்திவாரக் குழியில் ஊற்று ஏறும், மோட்டாருக்குக் காவலாக ராத்திரி ஆள் விழிக்க வேண்டும். மேட்டூர் வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே அஸ்திவாரத்தை முடிக்கும்படி அட்டவணை போடுங்கள். சம்பா நடவுக்குச் சித்தாள்கள் போவதையும் அதிலேயே குறித்துவிடுங்கள்.

கேள்வி: ராத்திரி எட்டு மணி வரை எங்களை வேலையில் நிறுத்தினாலும் மேஸ்திரி அதே கூலிதான் தருகிறார். சரியா?
– வாசகர், திருவாரூர்

பதில்: சரியில்லை. கூடுதல் நேரத்துக்குச் சட்டப்படி இரட்டிப்புக் கூலி. வருகைப் பதிவேட்டில் அதற்குத் தனிக் கட்டம் போட்டு, சனிக்கிழமைச் சம்பளத்தோடு மேனேஜரே கணக்குப் பார்த்துக் கொடுக்கட்டும்.